நகத்தில் ஒட்டும் பூச்சு

நகத்துக்கு நிறமூட்டும் வழக்கம் நமக்குப் புதியதன்று. மருதோன்றி இலையை அம்மியில் அரைத்து, இரவிலே விரல் நுனிகளுக்குத் தொப்பி போல இட்டு, காலையிற் கழுவிச் சிவப்பைப் பார்த்து மகிழ்ந்த நினைவு நம் வீட்டுப் பெண்களுட் பலர்க்கும் உண்டு. அந்தச் சிவப்புக்கு ஒரு விலை இருந்தது. ஓரிரவு முழுவதும் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். தூக்கத்திற் கை புரண்டுவிட்டால் தலையணையிலே கறை, கன்னத்திலே சிவப்பு. அழகு வேண்டுவோர் காத்திருக்க வேண்டும் என்பது அன்றைய நியதி.

போத்தலில் அடைத்த நகப்பூச்சு வந்தபின் அந்த இரவு அரைமணியாகக் குறைந்தது. ஆயினும் காத்திருத்தல் ஒழிந்தபாடில்லை. இப்பொழுது அந்த அரைமணியையும் நீக்கிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு பொருள் கடைகளுக்கு வந்திருக்கின்றது. அதுதான் மெய்யான நகப்பூச்சினாலேயே செய்யப்பட்ட மெல்லிய கீற்று. பார்வைக்கு அது வண்ணக் காகிதத் துண்டு போல இருக்கும். காற்றுப் புகாத உறையினுள்ளே பல அளவுகளில், பெரும்பாலும் 16 கீற்றுகள் வைக்கப்பட்டிருக்கும். மேலுறையை உரித்து நகத்தின்மீது ஒட்டி, மிஞ்சிய ஓரத்தை அரத்தினால் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள். தூரிகை இல்லை, காயும்வரை காத்திருத்தலும் இல்லை.

இந்த வாக்கு எவ்வளவு தூரம் உண்மை? மெய்ப்பூச்சு என்னும் பெயர் அதற்குப் பொருந்துமா? யாருக்கு அதனாற் பயன், எங்கே தீங்கு? இவற்றை என் கையிலேயே பரிசோதித்துப் பார்த்தேன். அதிற் கற்றதையும், கற்கும்பொழுது செய்த ஒரு தவற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலிற் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நகத்தில் ஒட்டுவன என்று கடைகளிலே மூவகைப் பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று வைனைல் என்னும் பிளாஸ்ரிக்கினாலானது. அதனைச் சிறிது சூடாக்கி ஒட்டுவார்கள். கழற்றும்பொழுது முழுதாக உரிந்து வரும். மற்றொன்று பாதி இறுகிய ஜெல். அதனை ஒட்டியபின் புறவூதாக் கதிர் விளக்கின் கீழே விரலைப் பிடித்தாற்றான் முற்றாக இறுகும். மூன்றாவது, நாம் இன்று ஆராயும் மெய்ப்பூச்சுக் கீற்று. இதில் உள்ளது போத்தலில் வருகின்ற அதே பூச்சுத்தான். இதனை அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நகப்பூச்சை நீக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒரு துண்டின்மேல் வைத்துப் பாருங்கள். மெய்ப்பூச்சாயின் இளகிக் கரைந்து, பஞ்சிலே நிறத்தை விடும். ஆகவே மெய்ப்பூச்சு என்ற பெயர் பொய்யன்று. ஆனால் அந்தப் பெயரிலிருந்து இன்னொன்றும் விளங்குகின்றது. பூச்சின் நன்மை தீமைகள் யாவும் கீற்றுக்கும் உரியன.

பூச்சு என்பது யாது? அதன் பிறப்புப் பருத்தியிலிருந்து என்றால் வியப்பாக இருக்கும். 1846 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த சோன்பைன் என்னும் இரசாயன அறிஞர், பருத்தியை நைத்திரிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் சேர்ந்த கலவையிலே தோய்த்து எடுத்தால் அது வெடிக்குந் தன்மை பெறுவதைக் கண்டார். அந்தப் பொருளே நைத்திரோசெலுலோசு. துப்பாக்கிப் பஞ்சு என்றும் அதனை அழைத்தனர். அமிலத்தின் வேலையை ஓரளவில் நிறுத்திக்கொண்டால், அதே பருத்தி வெடிமருந்தாகாமல், சில திரவங்களிற் கரையக்கூடியதாய், காய்ந்தவுடன் பளபளக்கும் படலமாய் அமைகின்றது. பழைய சினிமாச் சுருள்கள் இந்த இனப் பொருளினாலேயே செய்யப்பட்டன.

1920களில் அமெரிக்க மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் இதனை நிறப்பூச்சாகக் கையாளத் தொடங்கின. அதற்கு முன்னர் ஒரு வண்டிக்கு இட்ட எண்ணெய்ப் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து முடிய வாரக்கணக்காகும். செய்த வண்டிகளை விற்க முடியாமல் கூடங்களில் நிறுத்திவைத்திருந்தார்கள். புதிய பூச்சோ மணிக்கணக்கிற் காய்ந்தது. தொழிற்சாலை முதலாளிகளின் காத்திருத்தலைக் குறைத்த அதே இனப் பூச்சு, நிறத்திலும் மென்மையிலும் சில மாற்றங்களுடன் பெண்களின் நகத்துக்கும் வந்து சேர்ந்தது.

நம்மிடையே எந்த நகப்பூச்சையும் 'கியூட்டெக்ஸ்' என்று சொல்லும் வழக்கம் உண்டன்றோ? அது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர். 1917 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் திரவ நகச்சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1932 இல் தோன்றிய றெவ்லோன் நிறுவனம், வெறுஞ் சாயத்துக்குப் பதிலாக நிறப்பொடிகளைச் சேர்த்து, நகத்தை முற்றாக மறைக்கும் அடர்ந்த பூச்சை விற்றது. இன்று நாம் காணும் நகப்பூச்சின் அமைப்பு அந்நாள் தொட்டுப் பெரிதும் மாறவில்லை. நைத்திரோசெலுலோசு, அது நகத்தைப் பற்றிக்கொள்வதற்கு ஒரு பிசின், நொறுங்காமல் வளைவதற்கு ஒரு மென்மையாக்கி, நிறத்துக்குப் பொடி, இவை யாவற்றையும் கரைத்து வைத்திருக்க எதைல் அசற்றேற்று, பியூற்றைல் அசற்றேற்று முதலிய திரவங்கள். மூடியைத் திறந்தவுடன் மூக்கைத் தாக்கும் நெடி இத்திரவங்களினுடையதே.

போத்தலில் இருப்பதிற் பெரும்பங்கு இந்தத் திரவமாகும். பூச்சு காய்தல் என்பது வேறொன்றுமன்று. திரவம் ஆவியாகிப் போதலே. மேற்பரப்பிலுள்ள திரவம் முதலிற் போய்விடுகின்றது. அங்கே ஒரு மெல்லிய தோல் படர்கின்றது. அடியிலே அகப்பட்ட திரவம் அந்தத் தோலை ஊடுருவி மெல்லமெல்லத்தான் வெளியேறவேண்டும். எனவே, தொட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்திற் காய்ந்தது போலத் தோன்றும் பூச்சு, உள்ளே பல மணிநேரம் இளக்கமாகவே இருக்கின்றது. மாலையிற் பூசிக்கொண்டு படுத்தவர் காலையில் எழுந்து நகத்தைப் பார்த்தால், படுக்கை விரிப்பின் இழைகள் அதிற் பதிந்திருப்பது இதனாலேதான். மேலுக்கு மேல் தடிப்பாகப் பூசுவோர் காத்திருக்கும் நேரத்தைத் தாமே கூட்டிக்கொள்கின்றனர்.

இனிக் கீற்றின் நுட்பத்துக்கு வருவோம். அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேற்பூச்சு ஆகிய மூன்றையும் தொழிற்சாலையிலேயே ஒரு மெல்லிய தாளின்மீது படலமாக இட்டு, பெரும்பாலான திரவம் போகும்வரை காயவைத்து, நகத்தைப் பற்றிக்கொள்வதற்கு ஒட்டும் பசையையும் சேர்த்து, நக வடிவிலே வெட்டி எடுக்கின்றார்கள். முற்றாகக் காய்ந்துவிட்டாற் படலம் நொறுங்கும். ஆதலால் வளைந்து கொடுக்கும் அளவு இளக்கத்தை மிச்சம் வைத்து, காற்றுப் புகாத உறையில் அடைக்கின்றார்கள். உறையைத் திறந்தவுடன் எஞ்சிய திரவம் வெளியேறத் தொடங்குகின்றது. நகத்தில் ஒட்டியபின் அது இறுகுகின்றது. அதாவது, காத்திருத்தல் மறைந்துவிடவில்லை. நம் விரலிலிருந்து தொழிற்சாலைக்கு இடம் மாறியிருக்கின்றது.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் இயங்கும் இன்கோக்கோ என்னும் நிறுவனம் இத்தொழிலில் முன்னின்றது. நெரிசலில் அகப்பட்ட வாடகை வண்டியொன்றிலிருந்த பெண் நகத்துக்குப் பூச்சிட முயன்று இடர்ப்பட்டதைக் கண்டதனாலேயே அதனை நிறுவிய பா பார்க் என்பவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று அவர்கள் கதை சொல்கின்றார்கள். 2011 அளவில் சாலி ஹேன்சன் என்ற பெயருடன் இத்தகைய கீற்றுகள் அமெரிக்கக் கடைகளிற் பரவின. 2017 இல் அதே பா பார்க், கலர் ஸ்ட்ரீட் என்னும் பெயரில், வீட்டிலிருந்தே பெண்கள் விற்கும் முறையைத் தொடங்கினார். வாடகை வண்டிக் கதை நடந்தவாறோ, அழகுபடுத்திச் சொல்லப்பட்டதோ, அதில் ஓர் உண்மை உண்டு. தூரிகைக்கு வேண்டியவை இரண்டு: அசையாத கை, அவசரமில்லாத அரைமணி. இவ்விரண்டும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

எனக்குக் கிடைத்த பொதி, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பெறாமகள் தந்தது. எந்த நிறுவனத்தினது என்பது இங்கே வேண்டியதன்று. வலக்கை நகங்களுக்குக் கீற்றும், இடக்கை நகங்களுக்குப் போத்தற் பூச்சும் இட்டு, பத்து நாள்கள் வரை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். வலக்கையைக் கீற்றுக்கு ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. சோறு குழைப்பதும், தேங்காய் துருவுவதும், பாத்திரம் தேய்ப்பதும் அந்தக் கையே. கீற்றுக்கு வைத்த பரீட்சை கடினமாக இருக்கட்டும் என்று எண்ணினேன். வலக்கைப் பழக்கமுள்ளவர்க்கு இடக்கையினாலே தூரிகை பிடித்து வலக்கைக்குப் பூசுவது எவ்வளவு இடர் என்பதும் பூசிப் பார்த்தவர்க்குத் தெரியும்.

ஒட்டும் முறையைச் சொல்கின்றேன். முதலிற் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, சிறிது நேரம் உலரவிட வேண்டும். ஏனெனில் நகம் நீரை உறிஞ்சிச் சற்றே ஊதும் இயல்புடையது. ஊதிய நகத்தின்மேல் ஒட்டினால், நகம் பழைய நிலைக்குச் சுருங்கும்பொழுது ஓரம் எழும்பிவிடும். அதன்பின் மதுசாரம் தோய்த்த பஞ்சினால் நகத்திலுள்ள எண்ணெய்ப் பசையைத் துடைக்கவேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு ஒட்டினால் கீற்று ஒரு நாளும் நில்லாது. நகத்தைவிட இம்மியளவு ஒடுங்கிய கீற்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். அகன்றது தோலின்மேல் ஏறினால் அங்கிருந்தே உரியத் தொடங்கும். மேலுள்ள கண்ணாடித் தாளை உரித்து, அடித்தாளிலிருந்து மெல்லப் பிரித்து, வளைந்த முனையை நகத்தின் அடிப்பக்கத்தில், தோலுக்கும் கீற்றுக்கும் இடையே மயிரிழை வெளி விட்டு வைத்து, நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குமாக அழுத்த வேண்டும். சுருக்கம் விழுந்தால் மெல்ல இழுத்துச் சீராக்கலாம். நுனிக்கு அப்பாலுள்ள பகுதியை மடித்து, அரத்தினாலே மேலிருந்து கீழாக ஒரே திசையில் தேய்த்தால் அது அறுந்துபோகும். முன்னும் பின்னுமாக அறுத்தாற் படலம் கிழியும்.

முதல் நகத்தில் மூன்று சுருக்கங்கள் விழுந்தன. இரண்டாவது நன்றாக அமைந்தது. ஐந்து விரலும் முடியக் கால் மணிக்குச் சற்றுக் கூடிய நேரமாயிற்று. அடுத்த நிமிடமே நான் புத்தகத்தின் பக்கத்தைத் தட்டினேன், ஒன்றும் அழியவில்லை. இடக்கைக்கோ இரண்டு முறை பூசவேண்டியிருந்தது. பூசிய நேரம் குறைவு. காத்திருந்த நேரம் அதிகம். காத்திருக்கும்பொழுது வாசலில் யாரோ அழைக்க, கதவுத் தாழ்ப்பாளிற் பட்டுச் சுட்டுவிரல் நகப்பூச்சு அழிந்தது. இது வீட்டில் தனியே இருந்து பூசிக்கொள்ளும் எவர்க்கும் நிகழ்வதே.

போத்தற் பூச்சு மூன்றாம் நாளே இடக்கைப் பெருவிரல் நுனியில் உதிர்ந்தது. கீற்று, கடின வேலை செய்யும் கையில் இருந்தும், ஐந்தாம் நாள்வரை குறையின்றி நின்றது. ஆறாம் நாள் சுட்டுவிரல் நுனி தேய்ந்தது. எட்டாம் நாள் பெருவிரலின் ஓரம் எழும்பிற்று. ஏறத்தாழப் பத்து நாள் நிலைக்கும் என்று செய்வோர் சொல்வதை, சமையலறையில் வேலை செய்யும் நம் கைகளுக்கு ஒரு வாரம் என்று கணக்கிட்டுக்கொள்வது நன்று. வேறொன்றும் கண்டேன். வெளிர்ந்த நிறமுள்ள கீற்று மஞ்சள் சேர்ந்த குழம்பினால் நிறம் மாறிற்று. கையாற் சோறுண்ணும் நம்மவர் ஆழ்ந்த நிறங்களைத் தெரிந்துகொள்வதே தகும்.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, இஃது ஓர் ஆடம்பரப் பொருள், இதற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சில நேயர்கள் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் பெரியம்மாவின் கையைப் பார்த்த பின்புதான் அந்த எண்ணம் மாறிற்று. எழுபது வயதைக் கடந்த அவருக்குச் சில ஆண்டுகளாகக் கை நடுங்குகின்றது. இளமையில் நகத்தை ஒழுங்காக வைத்திருப்பதிற் பெருமை கொண்டவர். தேநீர்க் கோப்பையைத் தூக்கவே மற்றொருவர் துணை வேண்டியிருக்கும் இக்காலத்தில், தூரிகையை அவர் தொடுவதில்லை. பிறரைக் கேட்கவும் மனமில்லை. என் வலக்கையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது காயுமட்டும் கையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்க வேண்டாமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மிச்சமிருந்த கீற்றில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் கையை மேசையில் ஊன்றி, நடுக்கத்தோடு போராடி, தாமாகவே ஒட்டினார். வளைவாகத்தான் விழுந்தது. ஆனால் தூரிகையின் தவறு நகத்தைச் சுற்றிலும் தோலெல்லாம் பரவும். கீற்றின் தவறு கீற்றின் அளவோடு நிற்கும். அதனை எழுப்பி மீண்டும் வைத்தார். நான்கு நகங்கள் முடிய ஒரு மணிநேரமாயிற்று. என்னை உதவவிடவில்லை.

அசையாத கை இல்லாதவர்கள் பிறருடைய கையைக் கூலிக்கு அமர்த்துவதே நக அழகு நிலையம் என்னும் தொழிலின் அடிப்படை. அமெரிக்காவில் அத்தொழில் பெருகியதற்குப் பின்னே ஓர் அகதிகளின் கதை உண்டு. 1975 ஆம் ஆண்டில் வியற்நாமிலிருந்து தப்பி வந்த பெண்கள் கலிபோர்ணியாவில் ஒரு முகாமில் இருந்தபொழுது, திப்பி ஹெட்றன் என்னும் நடிகை தமது நக அழகுக் கலைஞரை அழைத்துச் சென்று, இருபது பெண்களுக்கு அத்தொழிலைக் கற்பிக்க வழி செய்தார். இன்று அந்நாட்டில் இத்தொழில் செய்வோருள் மிகப் பலர் வியற்நாமிய வழியினர். நாள் முழுவதும் மூடிய அறையில் அந்த ஆவிகளைச் சுவாசிப்பது அவர்களுடைய உடல்நலத்தைப் பற்றிய பெரிய கேள்வியாக எழுந்துள்ளது. கீற்றை ஒட்டுபவருக்கு அந்த ஆவியில் மிகச் சிறு பங்கே வருகின்றது. மிகுதி தொழிற்சாலையிற் போய்விட்டது. அங்கே அதனை வெளியேற்றும் ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருக்கின்றதோ, அவ்வளவுக்கே அங்குள்ள தொழிலாளர்க்குப் பாதுகாப்பு. இதனையும் நாம் மறந்துவிடலாகாது.

சிக்கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்முடைய இரு கைகளின் நகங்களும் பெரும்பாலும் இணையிணையாக ஒரே அளவின. கீற்றுகள் பலவற்றின் இரு முனைகளும் நக வடிவில் வளைத்து வெட்டப்பட்டிருக்கும். ஆதலால், நகத்தைக் கட்டையாக வெட்டி வைத்திருப்பவர் ஒரு கீற்றை நடுவே வெட்டி, ஒரு பாதியை வலக்கை விரலுக்கும் மறு பாதியை இடக்கையின் அதே விரலுக்கும் இட்டால், ஐந்து கீற்றுகளிற் பத்து விரலும் முடிந்துவிடும். எஞ்சியவற்றைச் சும்மா வைத்தாற் காய்ந்து, அடுத்த கிழமை எடுக்கும்பொழுது அப்பளம் போல நொறுங்கும். உறையின் வாயை மடித்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, இறுக மூடும் பை ஒன்றில் இட்டு, வெப்பம் படாத இடத்தில் வைக்கவேண்டும். அப்படி வைத்தும் நெடுநாள் நிற்குமென்று நம்பவேண்டா.

இனி, என் தவற்றைச் சொல்கின்றேன். ஒன்பதாம் நாள், பெருவிரலில் எழும்பியிருந்த ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். மாம்பழத் தோல் உரிவது போல, முழுக் கீற்றும் ஒரே துண்டாக வந்தது. அதில் ஓர் இன்பமும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். மற்றொரு விரலிலும் அவ்வாறே உரித்தேன். வெளிச்சத்திற் பார்த்தபொழுது இரு நகங்களிலும் வெண்மையான, சொரசொரப்பான திட்டுகள் தெரிந்தன. பூச்சோடு நகத்தின் மேலடுக்கும் உரிந்து போயிருந்தது.

நகம் ஒரே தகடு போலத் தோன்றினாலும், கெரற்றின் என்னும் புரதம் நிறைந்த தட்டையான உயிரற்ற கலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உண்டாவது. கைநகத்தின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். உயிருள்ள பகுதி அடித்தோலுக்குள் மறைந்திருக்கும் நகவேர் மட்டுமே. பூச்சிட்டால் நகத்துக்கு மூச்சு முட்டும் என்று சிலர் சொல்வது சரியன்று. நகம் காற்றிலிருந்து மூச்சு வாங்குவதில்லை. நகவேருக்கு வேண்டியவற்றை இரத்தமே கொண்டுவந்து கொடுக்கின்றது. ஆனால் வெளியே வந்துவிட்ட நகத்துக்குத் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வலிமையும் இல்லை. தோலில் ஏற்பட்ட கீறல் ஆறும். நகத்தில் ஏற்பட்டது வளர்ந்து வெளியேறவே வேண்டும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்கின்றது. அடியிலிருந்து நுனிவரை முழு நகமும் புதிதாக ஆறு மாதமளவாகும். கால்நகத்துக்கு ஓராண்டுக்கு மேலும் செல்லும்.

எனவே, கீற்றைக் கழற்றும் முறையை ஒட்டும் முறையினும் கவனமாக அறிந்துகொள்ள வேண்டும். போத்தற் பூச்சை நீக்கும் அதே திரவத்தைப் பஞ்சில் நனைத்து, நகத்தின்மேல் வைத்து, இருபது வரை எண்ணுங்கள். பூச்சு இளகியபின், அழுத்தாமல், அடியிலிருந்து நுனியை நோக்கித் துடையுங்கள். ஒட்டாத இடம் மீண்டும் நனையட்டும். அத்திரவத்தில் பெரும்பாலும் இருக்கும் அசற்றோன் நகத்தையும் சுற்றியுள்ள தோலையும் வறளச் செய்யும். கழுவியபின் சிறிது தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது நன்று. அடுத்த கீற்றை அன்றே ஒட்டாமல் சில நாள் இடைவெளி விடலாம். மூச்சுக்காக அன்று, நகத்தின் நிலையை நாமே கண்ணாற் பார்த்துக்கொள்வதற்காக.

பார்த்துக்கொள்ளுதல் என்றேன். நகம் உடலின் உள்நிலையைக் காட்டும் சாளரங்களுள் ஒன்று. உதிரத்திற் பிராணவாயு குறைந்தால் நகத்தின் கீழே நீலம் பாய்வதை வைத்தியர் நோக்குவார். விரல் நுனியைக் கவ்வி, ஒளியைச் செலுத்தி, அந்த வாயுவின் அளவைக் காட்டும் சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் நம்மிற் பலர் வீட்டிலேயே கண்டோம். ஆழ்ந்த நிறப் பூச்சு அக்கருவியின் கணக்கைப் பிழையாக்கலாம். ஆதலால், சத்திரசிகிச்சைக்குச் செல்வோரும் நெஞ்சு நோய், சுவாச நோய் உடையோரும் நகத்தை வெறுமையாக வைத்திருப்பது முறை. என் பெரியம்மாவுக்கும் இதனாலேயே இரு விரல்களை ஒட்டாமல் விட்டோம்.

நெருப்பைப் பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அசற்றோன் எளிதிலே தீப்பற்றும்; அதன் ஆவியும் பற்றும். பூச்சின் பிறப்பிடமோ துப்பாக்கிப் பஞ்சு என்று முன்னரே கண்டோம். அடுப்பும் விளக்கும் ஊதுவத்தியும் எரியும் இடத்தில் பூச்சிடுதலும் நீக்குதலும் ஆகா. சாளரத்தைத் திறந்து, காற்றோட்டமான இடத்திலே செய்யுங்கள். வாங்கும்பொழுது உறையில் அச்சிட்ட சேர்க்கைப் பட்டியலையும் பாருங்கள். தொலுயீன், போமல்டிகைட்டு, டைபியூற்றைல் தலேற்று என்னும் மூன்றும் இல்லை என்று பல நிறுவனங்கள் இன்று அறிவிக்கின்றன. தோல் சிவந்து அரித்தால் எந்தப் பூச்சாயினும் நிறுத்திவிடுங்கள்.

தொழுகைக்கு முன் ஒழுச் செய்யும் முஸ்லிம் சகோதரிகள் இதனை முன்னரே அறிந்திருப்பர்: நகத்தின்மேல் நீர் படாமல் தடுக்கும் எந்தப் படலமும் ஒழுவுக்குத் தடை. கீற்றும் அத்தகைய படலமே. மருதோன்றியின் இயல்பு வேறு. அதன் சாயம் நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதன்று. கெரற்றினோடு பிணைந்து நகத்தின் நிறமாகவே ஆகிவிடுவது. நீர் தடையின்றிப் படும், உரிவதுமில்லை. நகத்தோடு வளர்ந்து, நகத்தோடு வெட்டுண்டு போகும். ஓரிரவு காத்திருந்ததற்குக் கிடைத்த பயன் அது.

ஆகவே, நேயர்களே, நான் கண்ட முடிவு இது. கீற்று ஏமாற்றுப் பொருளன்று, அற்புதப் பொருளுமன்று. பழைய பூச்சையே புதிய வடிவில் தருகின்றது. நேரமில்லாதவர்க்கும், கை நடுங்குவோர்க்கும், ஒரு கையை இன்னொரு கையாற் பூச இடர்ப்படுவோர்க்கும் அது மெய்யாகவே துணை செய்கின்றது. நேரமும் நிதானமும் உடையவர்க்கு ஒரு போத்தற் பூச்சு பல மாதம் வரும். அவர்கள் கீற்றுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

என் பெருவிரலில் விழுந்த வெண்திட்டு, அடிநகத்துக்கு அண்மையில் இருந்தது. அது மெல்ல மெல்ல மேலேறி, நுனியை அடைந்து, வெட்டுண்டு விழ மூன்று மாதத்துக்கு மேலாயிற்று. பூச்சைத் தொழிற்சாலையிற் காயவைத்துவிடலாம். நகத்தை விரைந்து வளரச் செய்ய எந்தத் தொழிற்சாலையும் இல்லை. ஒட்டும்பொழுது மிச்சப்படுத்திய அரைமணியில் ஐந்து நிமிடத்தைக் கழற்றுவதற்கு ஒதுக்கியிருந்தால், அந்த மூன்று மாதம் எனக்கு வேண்டியிருந்திராது.

பெரியம்மா, அடுத்த பொதி எப்பொழுது வரும் என்று கேட்டிருக்கின்றார். சிவப்பு நிறம் வேண்டுமாம்.